அந்தாண்ட மழை பெய்யுமா?

பச்சையம்மா: ...அதுக்குத்தான் சொல்றேன், கல்யாணத்தை ரெண்டு எடத்துலயும் வச்சிக்கலாம். காலையில உங்க வேதக் கோயில்ல அந்த உபதேசியாரு இன்னா சொல்லணுமோ சொல்லிக்கட்டும். பொழுது சாயுறதுக்குள்ள எங்க தீவுக்கு வந்து அம்மன் வாசல்ல ஒரு சூடம் கொளுத்திட்டா முடிஞ்சிது. இன்னா, உங்க சாமி கோச்சிக்குமா?

தானியேல்: சாமி கோச்சிக்காது... உபதேசியாரு தான் கோச்சிக்குவாரு.

பச்சையம்மா: அவருக்கு ரெண்டு மடவைக் கருவாடு குடுத்து அனுப்புறேன். சரியாப் பூடும்.

தானியேல்: மாசிலாமணி உபதேசியாரு கருவாட்டுக்கு மசியுற ஆளு இல்ல சம்பந்தியம்மா.

பச்சையம்மா: கருவாட்டுக்கு மசியாத ஆம்பளைய இந்தப் பழவேற்காட்டுல நான் பார்த்ததே இல்ல... ஏன் அண்ணே, நீ கழி ஊனுறியா, சேத்துல நாத்து நடுறியா? படகு நகரவே மாட்டேங்குது. உங்க கோட்டைக்குப்பத்துல ஏறினவ எங்க பசியாவரம் தீவுல எறங்கறதுக்குள்ள எம் புள்ளைக்குப் பேரப் புள்ளையே பொறந்துடும் போலக் கீதே.

தானியேல்: காத்து எதுத்தாப்ல கீது.

பச்சையம்மா: காத்தா? அந்தாண்ட பாரு, பூநாரைங்க ஒத்தக் கால்ல நின்னுக்கினு தூங்குது. ஒரு எறகு ஆடல. காத்தாம்.

தானியேல்: தண்ணி கம்மி. அடி தட்டுது.

பச்சையம்மா: ஆங், அது வேணும்னா நெசம். என் வயிறும் ஒரு காரணம். உன் பொஞ்சாதி முனியம்மா இருக்காளே... இன்னும் ஒரு நண்டு, இன்னும் ஒரு நண்டுனு போட்டுக்கினே இருந்தா. மாப்ளையோட அம்மாவை இன்னிக்கே கொன்னுட்டா வெள்ளிக்கெழமை வெத்தலை மாத்துற செலவு மிச்சம்னு பார்த்தாளா?

தானியேல்: கொழம்பு அவ வைக்கல. செல்வம்மா வச்சது.

பச்சையம்மா: மெய்யாலுமா? அப்ப எம் புள்ள பூபதி பொழைச்சான். பதினெட்டு வருஷமா நான் வக்கிற தண்ணிச் சாத்தைத் துன்னவன் அவன்.

தானியேல்: ம்.

பச்சையம்மா: இன்னா ம்? பொண்ணைப் புகழ்ந்தா பெத்தவன் மூஞ்சி பூவாட்டம் மலரணும். நீ இன்னாடான்னா மொட்டைப் பனையில காக்கா குந்தின மாதிரி கீற.

தானியேல்: ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா... சீலை எடுத்தாச்சா?

பச்சையம்மா: பேச்சை மாத்துறான் பாரு... எடுத்தாச்சி. செவப்புல கறுப்புப் பூ போட்ட சாயச் சீலை. கப்பல்ல ஏத்த வச்சிருந்ததுல ஓரத்துல ஒரு எடத்துல சாயம் ஒட்டலையாம், ஒல்லாந்துக்காரன் கழிச்சிட்டான். நெசவு பண்ண ஆளு எங்கிட்ட குடுத்துட்டாரு. கொசுவத்துல மடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது?

தானியேல்: ...யாருக்கும் தெரியாது.

பச்சையம்மா: அதான்... அதோ எதுர்ல ஒரு படகு வருதே, உங்க குப்பத்து கோதண்டம் தான?

தானியேல்: அவன் தான்.

கோதண்டம்: ஏய் தானியேலு! இன்னாப்பா, மாப்ளையோட அம்மாவை எங்க கடத்திக்கினு போற?

பச்சையம்மா: நான் தான் அவரைக் கடத்திக்கினு போறேன்! இறா கெடச்சுதா கோதண்டம்?

கோதண்டம்: கெடச்சிது, கெடச்சிது! வெத்தலை என்னிக்கு?

பச்சையம்மா: வெள்ளிக்கெழமை! பொஞ்சாதிய இட்டுக்கினு வந்துடு. கையை வீசிக்கினு வராத!

கோதண்டம்: உத்தமரு வூட்டு விசேஷம், வராம இருப்பனா! வரேன் உத்தமரே!

பச்சையம்மா: ...உத்தமரா? இன்னா அண்ணே அது, புதுப் பட்டப் பேரு?

தானியேல்: அது ஒண்ணும் இல்ல.

பச்சையம்மா: ஒண்ணும் இல்லாததுக்கா காது செவக்குது? சொல்லு, சொல்லு.

தானியேல்: போன ஞாயித்துக்கெழமை... கோயில்ல உபதேசியாரு பேசிக்கினு இருந்தாரு. நெஞ்சு உள்ள ஒண்ணும் வெளிய ஒண்ணுமா இருக்கக் கூடாது, பொல்லாப்பைக் கண்டா ஒதுங்கணும், அப்படி இப்படினு. திடீர்னு என் பக்கம் கையை நீட்டி, ‘எழுந்திரு தானியேலு’னாரு. எழுந்தேன். ‘இந்தக் குப்பத்துல உத்தமன்னா எப்படி இருப்பான்னு கேக்குறவங்க இவரைப் பாருங்க’னுட்டாரு.

பச்சையம்மா: அடேங்கப்பா! நல்ல விஷயந்தான? கல்யாணத்துல சொல்லிக்கிறேன் நானு. எங்க சம்பந்தி சாதாரண ஆளு இல்ல, உபதேசியாரே எழுப்பிக் காட்டின ஆளுனு.

தானியேல்: வேணாம் சம்பந்தியம்மா.

பச்சையம்மா: ஏன் வேணாம்?

தானியேல்: அன்னிக்கு வூட்டுக்கு வந்து சோறு எறங்கல. அதுக்கு மறுநாளும் எறங்கல. நான் கழியைக் கீழ வக்கிறேன்.

பச்சையம்மா: கை நோவுதா? குடு, நான் ஊனுறேன். தீவுல பொறந்தவ, எனக்கு இன்னா...

தானியேல்: கை நோவல. ஒண்ணு சொல்லணும். கரை ஏறிட்டா எனக்கு வாய் வராது. மூணு தபா உங்க வாசல் வரைக்கும் வந்து சொல்லாம திரும்பிட்டேன்.

பச்சையம்மா: கருவாடு கீதானு கேட்டு வந்தியே, அந்த மூணு தபாவா?

தானியேல்: ஆமா.

பச்சையம்மா: நானும் நெனச்சேன், மீன் புடிக்கிறவனுக்கு எதுக்குடா கருவாடுனு... சரி, சொல்லு.

தானியேல்: முனியம்மாவுக்குத் தெரியாது நான் சொல்றது. தெரிஞ்சா அம்மிக் கொழவியத் தூக்கிக்கினு வருவா.

பச்சையம்மா: சொல்லு அண்ணே.

தானியேல்: செல்வம்மா... நாங்க பெத்த புள்ள இல்ல. எந்த ஊரு, எந்தச் சாதி, அப்பன் யாரு, ஆத்தா யாரு, ஒண்ணும் தெரியாது. மேற்கால எங்கியோ மழை பொய்ச்ச ஊரு. அவ்வளவு தான் தெரியும்.

பச்சையம்மா: ...ம்.

தானியேல்: ‘ம்’முனு தான் சொல்றீங்க. கோவம் வரலியா?

பச்சையம்மா: வரும்போது வரட்டும். பாதி இழுத்த வலைய யாராவது வுடுவாங்களா? முழுசா இழு.

தானியேல்: இதை வெத்தலை மாத்துறதுக்கு முன்னால சொல்லணும்னு தான். அப்பால சொன்னா, உங்களைக் கயித்துல கட்டிப் போட்டுட்டுச் சொல்ற மாதிரி. இப்ப நீங்க வேணாம்னு போனா ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்க முடியாது. ‘பொண்ணு ஜாதகம் ஒத்து வரல’னு நானே ஊர்ல சொல்லிக்கிறேன்.

பச்சையம்மா: வேதத்துல சேர்ந்தவன் ஜாதகம்னு சொன்னா ஊரு நம்பிடும், போ.

தானியேல்: அது... எதுனா ஒண்ணு சொல்லிக்கிறேன்.

பச்சையம்மா: புள்ள எப்படிக் கெடச்சிது? அதைச் சொல்லு.

தானியேல்: பஞ்ச வருஷம். பதினோரு வருஷம் ஆவுது. நாங்க அப்ப வடக்கால ஒரு குப்பத்துல இருந்தோம். ரெண்டு மழை தொடர்ந்து பொய்ச்சிது இல்ல... உள்நாட்டு சனமெல்லாம் கடலைப் பார்த்து வந்துச்சே.

பச்சையம்மா: வந்துச்சி. ஓலைப் பொட்டியும் புள்ளைங்களுமா. பார்த்தேன்.

தானியேல்: தரகருங்க அவங்களை வாங்கினாங்க. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை கூட இல்ல, மரக்கா அரிசி. பெத்தவங்களே வித்தாங்க. அவங்களே தங்களை வித்துக்கினாங்க. ஒல்லாந்துக்காரன் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டாய் போட்டு அதுல அடைச்சி வச்சிருந்தாங்க, கப்பல் வர்ற வரைக்கும்.

பச்சையம்மா: ...அந்தக் கொட்டாய் எனக்குத் தெரியும்.

தானியேல்: கப்பல் கரைக்கு வராது இல்ல? வெளிக் கடல்ல நிக்கும். முகத்துவாரத்துல அலையத் தாண்டி அவங்களைக் கொண்டு போய் ஏத்தணும். அதுக்கு மசூலா படகு. எட்டுப் பேரு துடுப்பு, பின்னால நின்னு படகைத் திருப்ப ஒரு தண்டல்.

பச்சையம்மா: சரி.

தானியேல்: அந்த எட்டுப் பேருல நான் ஒருத்தன்.

பச்சையம்மா: ...

தானியேல்: சம்பந்தியம்மா...

பச்சையம்மா: கேட்டுக்கினு தான் கீறேன். எத்தினி நடை?

தானியேல்: எண்ணல. எண்ணக் கூடாதுனு தான் எண்ணல. அந்தக் கோடையில பாதி நாளு போட்டேன். நடைக்கு நாலு படி அரிசி. ஏரியில மீனு இல்ல அந்த வருஷம். முனியம்மாவுக்கு ரெண்டு புள்ள செத்துப் பொறந்துச்சி, மூணாவது வயித்துல. நாலு படி அரிசினா அன்னிக்கு...

பச்சையம்மா: அன்னிக்கு நாலு படி அரிசி இன்னானு எனக்குச் சொல்லாத. தெரியும்.

தானியேல்: மூணாவதும் தங்கல. அது வேற கதை... ஒரு நாளு காலையில அம்பது அறுவது பேரை ஏத்தினாங்க. அதுல ஒரு பொண்ணுக் கொழந்தை. நாலு, இல்லனா அஞ்சி வயசு. கூட யாரும் இல்ல. ஆத்தா கொட்டாய்லயே செத்துட்டானு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. நேரா வந்து என் காலாண்ட குந்திக்கிச்சி. கணுக்காலை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு, அப்படியே தூங்கிடுச்சி.

பச்சையம்மா: தூங்கிடுச்சா?

தானியேல்: கண்ணை மூடிக்கினு. அலை தூக்கித் தூக்கிப் போடுது, ஊரே கத்துது, வாந்தி எடுக்குது. இது மட்டும் என் காலை வுடல. துடுப்பு இழுக்கணும்னா கால் ஊனணும் இல்ல? நான் ஊனுறப்ப எல்லாம் அந்தக் கையும் கூட வருது.

பச்சையம்மா: ம்.

தானியேல்: கப்பலாண்ட போயாச்சி. மேல இருந்து கயித்து ஏணி வுட்டாங்க. ஒவ்வொருத்தரா ஏறுறாங்க. என் பக்கத்துல நனைஞ்ச கோணி ஒண்ணு கெடந்துச்சி. நான் யோசிக்கல சம்பந்தியம்மா. சத்தியமா யோசிக்கல. கை தானா கோணிய எடுத்துச்சி, மேல போட்டுச்சி. அதை மறைச்சாப்ல நான் குந்திக்கினேன்.

பச்சையம்மா: யாரும் பார்க்கல?

தானியேல்: ஏழு பேரும் பார்த்தாங்க. தண்டலும் பார்த்தாரு. ஒருத்தன் வாயைத் தெறக்கல. ஏழு பேரும் கடலைப் பார்த்துக்கினு இருந்தாங்க.

பச்சையம்மா: அப்பால?

தானியேல்: மேல தலையை எண்ணினான் கணக்குப்புள்ள. ஒண்ணு கொறையுதுனான். நான் எழுந்து நின்னு, ‘முகத்துவாரத்துல அலை அடிச்சிது சாமி, ஒரு கொழந்தை வுயுந்துடுச்சி, தேடினேன் கெடைக்கல’னு சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னான். கடல் மேல அடிச்சி சத்தியம் பண்ணேன். கரைக்கு வந்தப்பால முதுகுல பன்னெண்டு அடி. அந்த நடைக்கு அரிசி இல்ல.

பச்சையம்மா: புள்ள?

தானியேல்: அது வரைக்கும் படகுல கோணிக்கு அடியிலயே கெடந்துச்சி. அப்பால மீன் கூடையில வச்சி வூட்டுக்குத் தூக்கிக்கினு போனேன். முனியம்மா என் முதுகுல ரத்தத்தைப் பார்த்து அழுதுக்கினே வந்தா, கூடைக்குள்ள எட்டிப் பார்த்தா, அழுவறதை நிறுத்திட்டா. ‘இன்னாது இது’னு கூடக் கேக்கல. கஞ்சித் தண்ணிய எடுத்துக்கினு வந்தா... அந்த வாரமே அந்த ஊரை வுட்டுட்டு கோட்டைக்குப்பம் வந்துட்டோம். இங்க எல்லாரும் எங்க புள்ளைனே நெனச்சாங்க. நாங்க இல்லனு சொல்லல.

பச்சையம்மா: மறுபடி அந்தப் படகு?

தானியேல்: தொடல. மறுநாளே ஆளு அனுப்பினாங்க. வர மாட்டேன்னுட்டேன். மிச்சக் கோடை முச்சூடும் நண்டும் கீரையும் தான். மூணு பேரும்.

பச்சையம்மா: அட, அண்ணே... இதுக்கா ரெண்டு நாளா சோறு எறங்கல உனக்கு? கடல் மேல பொய் சத்தியம் பண்ணதுக்கா? ஒரு உசுரைக் காப்பாத்தின பொய் அது. உங்க சாமி அதைக் கூடவா கணக்குல வச்சிக்கும்?

தானியேல்: அந்தப் பொய்யைச் சொல்லல நானு.

பச்சையம்மா: பின்ன?

தானியேல்: அதுக்கு எனக்கு வருத்தமே வர மாட்டேங்குது. இன்னிக்கு அந்தக் கணக்குப்புள்ள எதுர்ல வந்து நின்னாலும் அதே பொய்யைத் திரும்பச் சொல்லுவேன். அது இல்ல... அதுக்கு முன்னால ஒரு நடை. பத்து நாளைக்கு முன்னால இருக்கும். ஒரு பொம்பளை, என் வயசு தான். மடியில ஒரு மண் சட்டிய வச்சிக்கினு குந்தியிருந்துச்சி. காலிச் சட்டி. எதுக்கு எடுத்துக்கினு வந்துச்சினு தெரியல. என்னைப் பார்த்து கேட்டுச்சி. ‘அண்ணே, அந்தாண்ட மழை பெய்யுமா?’னு. எனக்கு இன்னா தெரியும்? அந்தாண்ட எந்த ஊரு, எந்தத் தேசம், எதுக்குக் கொண்டு போறாங்க, ஒண்ணும் தெரியாது. போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல, அது மட்டும் தெரியும். ‘பெய்யும். நல்லாப் பெய்யும்’னு சொன்னேன்.

பச்சையம்மா: பாவம், ஆறுதலுக்குச் சொல்லியிருப்ப.

தானியேல்: இல்ல. அவங்க அழுதா படகு ஆடும். படகு ஆடினா துடுப்பு போடறது கஷ்டம். அதுக்குச் சொன்னேன். அந்தப் பொம்பளை மூஞ்சி தெளிஞ்சிது. சட்டிய முந்தானையால தொடச்சி, ஒயுங்கா மடியில வச்சிக்கினு, கப்பல் வர்ற வரைக்கும் சத்தமே போடாம குந்தியிருந்துச்சி. ஒரு புள்ளைய எடுத்தேன், சரி. மத்தவங்க எத்தினி பேரு? அவங்க என் காலைப் புடிக்கல, அதனால ஏத்திட்டேன். காலைப் புடிச்சவளை மட்டும் வச்சிக்கினு, உத்தமன்னு எழுந்து நிக்கிறேன்.

பச்சையம்மா: உபதேசியாரு கிட்ட சொல்லியிருக்கியா இதை?

தானியேல்: ஞானஸ்நானம் வாங்கறப்ப பண்ண பாவத்தை எல்லாம் சொல்லச் சொன்னாரு. கள்ளு குடிச்சதைச் சொன்னேன். அடுத்தவன் வலையில மீன் எடுத்ததைச் சொன்னேன். மச்சானை அடிச்சதைச் சொன்னேன். பொடி மீனை எல்லாம் கொட்டிக் காட்டிட்டு, பெரிய மீனை வலைக்குள்ளயே வச்சி சுருட்டிக்கினேன். அந்தச் சாமி மன்னிக்கிற சாமினு கேள்விப்பட்டு தான் நான் போனதே. போயி, எதுக்குப் போனேனோ அதை மட்டும் சொல்லாம வந்தேன்.

பச்சையம்மா: இப்ப?

தானியேல்: முந்தாநேத்து போயி சொல்லிட்டேன். எல்லாத்தையும்.

பச்சையம்மா: இன்னா சொன்னாரு?

தானியேல்: சொல்லி முடிச்சிட்டு நான் எழுந்து போலாமானு பார்த்தேன். அப்பால, ‘தானியேலு, உன்னை எழுப்பிக் காட்டினது என் தப்பு. ஆனா இப்ப வந்து சொன்ன பாரு, இதுக்கு எழுப்பியிருக்கணும்’னாரு. ரெண்டு பேரும் முட்டி போட்டோம். எழுந்தப்பால நேரா வூட்டுக்குப் போயி ரெண்டு கும்பா சோறு துன்னேன்.

பச்சையம்மா: பார்த்தியா! சோறு எறங்கிடுச்சி இல்ல. அப்பால இன்னா?

தானியேல்: அவரு ஒண்ணு கேட்டாரு. ‘ஆண்டவன் கிட்ட சொல்லிட்ட. மனுசங்க யாருக்காவது சொல்ல வேண்டியது பாக்கி கீதா?’னு. ரெண்டு பேருனேன். ஒண்ணு நீங்க.

பச்சையம்மா: இன்னொண்ணு?

தானியேல்: குப்பத்துப் பசங்க. வர்ற ஞாயித்துக்கெழமை அவங்க முன்னால நின்னு சொல்லப் போறேன். மழை எப்ப வேணும்னாலும் பொய்க்கும். தரகருங்க மறுபடி வருவாங்க, நாலு படிக்கு எட்டுப் படி தரேன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு எவனும் துடுப்பைத் தொடக் கூடாது.

பச்சையம்மா: கோட்டைக் காதுல வுயுந்தா?

தானியேல்: வுயட்டும். முதுகுல இன்னும் எடம் கீது.

பச்சையம்மா: ...நீ துடுப்பு போட்டதைச் சொல்லு. புள்ளைய எடுத்ததை வெளியில சொல்லாத. அது கப்பலுக்குச் சேர வேண்டியதுனு எவனாவது பழைய ஓலையத் தூக்கிக்கினு வரப் போறான்.

தானியேல்: அதைச் சொல்ல மாட்டேன். அது செல்வம்மாவோட விஷயம். என்னுது இல்ல.

பச்சையம்மா: சரி... இப்ப நீ குந்து. நானும் ஒண்ணு சொல்றேன்.

தானியேல்: நீங்களா?

பச்சையம்மா: அந்தக் கொட்டாய் எனக்குத் தெரியும்னு சொன்னேனே, எப்படித் தெரியும்னு நீ கேக்கவே இல்ல.

தானியேல்: கோட்டைப் பக்கம் எல்லாரும் போவாங்க...

பச்சையம்மா: அந்தச் சனத்துக்குக் கருவாடு போட்டது யாருனு நெனச்ச? நான் தான். எம் புருசன் செத்த வருஷம் அது. பூபதிக்கு ஏழு வயசு. வாரத்துக்கு ஆறு கூடை. வாசல்ல எறக்கி வச்சிட்டு மூஞ்சைத் திருப்பிக்கினு வந்துடுவேன். உள்ள கொழந்தைங்க சத்தம் கேக்கும். ‘யாரு பெத்ததோ’னு சொல்லிக்கினே நடப்பேன். சத்தம் கேக்காத தூரம் வரைக்கும் சொல்லிக்கினே நடப்பேன்.

தானியேல்: சம்பந்தியம்மா...

பச்சையம்மா: செல்வம்மா துன்னது என் கருவாடா கூட இருக்கும். நான் நிறுத்தல அண்ணே. மழை வந்துச்சி, கொட்டாய் காலி ஆச்சி, வியாபாரம் நின்னுச்சி. நீ நிறுத்தின. என்னை மழை நிறுத்துச்சி. அதனால உன்னை எடை போடற தராசு எங்கிட்ட இல்ல.

தானியேல்: அழுவாதீங்க.

பச்சையம்மா: யாரு அழுவறா? வெயில் கண்ணுல அடிக்குது... உங்க உபதேசியாரு, வேதத்துல சேராதவங்க வந்து சொன்னாக் கேப்பாரா?

தானியேல்: கேப்பாரு. நல்லாக் கேப்பாரு.

பச்சையம்மா: கருவாடு எடுத்துக்கினு போவ மாட்டேன். கைய வீசிக்கினு தான் போவேன்.

தானியேல்: அதுவே போதும்.

பச்சையம்மா: ...ஏய், இன்னா சிரிக்கிற?

தானியேல்: தெரியல. பதினோரு வருஷமா யாரோ நெஞ்சு மேல குந்திக்கினு இருந்த மாதிரி. எழுந்துட்டான் போல.

பச்சையம்மா: எனக்கும் தான் எழுந்தான். அந்தப் பாரம் குறைஞ்சதுல படகு கொஞ்சம் மெதக்குது பாரு. எடு கழிய. வெள்ளிக்கெழமை வெத்தலை, அதுல மாத்தம் இல்ல.

தானியேல்: மெய்யாலுமா? உங்க தீவுல நாட்டாரு கேட்டா? எந்த வூட்டுப் பொண்ணு, எந்த வகையறானு...

பச்சையம்மா: கோட்டைக்குப்பத்து தானியேலு வூட்டுப் பொண்ணு. அதுக்கு மேல கேக்குறவன் எங்கிட்ட வந்து கேக்கட்டும். அவங்கவங்க வூட்டுல அந்த வருஷம் எந்த அரிசி வெந்துச்சினு நான் திருப்பிக் கேப்பேன்.

தானியேல்: ...ஆண்டவரே.

பச்சையம்மா: ஆண்டவரைக் கூப்புட்டது போதும், கழிய ஊனு. அதோ கரையில வலை ஒணத்திக்கினு நிக்கிறது பூபதி தான். நம்மளைத் தான் பார்த்துக்கினு கீறான்.

தானியேல்: அவன் கிட்டயும் சொல்லிடுங்க சம்பந்தியம்மா. இல்ல, நானே சொல்றேன். எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினு தான் அவன் கட்டணும்.

பச்சையம்மா: அவனுக்குத் தெரியும்.

தானியேல்: ...இன்னா?

பச்சையம்மா: ஒண்ணும் இல்ல. ஊனு.

தானியேல்: அவனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே இப்ப தான சொன்னேன்?

பச்சையம்மா: ...

தானியேல்: சம்பந்தியம்மா. என்னைப் பாருங்க. யாரு சொன்னது?

பச்சையம்மா: செல்வம்மா சொன்னா. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே. முனியம்மா அடுப்பாண்ட போற வரைக்கும் காத்துக்கினு இருந்து, என் கையப் புடிச்சி வேலியாண்ட இட்டுக்கினு போயி, கண்ணைப் பார்த்து நேரா சொன்னா. ‘அத்தை, நான் இவங்க பெத்த பொண்ணு இல்ல. கப்பலுக்குப் போன படகுல இருந்து நைனா என்னை எடுத்தாரு. அந்தப் படகுல துடுப்பு போட்டதும் அவரு தான். எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. தெரிஞ்சிக்கினு கட்டுறதுனா கட்டுங்க, இல்லனா இப்பவே எழுந்து போயிடுங்க’னு. அப்பால கைய வுடாம இன்னொண்ணும் கேட்டா. ‘எனக்குத் தெரியும்னு நைனாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் மூஞ்சைப் பார்க்க மாட்டாரு. அவரா என்னிக்காவது வாயைத் தெறந்தா, பாதியில நிறுத்தாம முழுசாக் கேளுங்க’னு. மூணு மாசமா நானும் எம் புள்ளையும் வாயை மூடிக்கினு கீறோம். இன்னிக்கு நான் அவ கிட்ட பண்ண சத்தியத்தை மீறிட்டேன்... என்னை எறக்கி வுட்டுட்டு நேரா வூட்டுக்குப் போ அண்ணே. போயி எம் மருமவ மூஞ்சைப் பாரு.